இசைவு கேட்கும் கணினி: வினாவும் விடையும்

பாடம் முடிந்ததும் ஆசிரியர், "எல்லாருக்கும் புரிந்ததா?" என்று கேட்கிறார். "புரிந்தது, ஐயா!" என்று வகுப்பு முழுவதும் ஒரே குரலில் விடை சொல்கிறது. கேட்டவருக்கும் நிறைவு, சொன்னவர்களுக்கும் நிறைவு. ஆனால் மறுநாள் தேர்வுத் தாளைத் திருத்தும்போதுதான் அந்த ஒரே குரலின் உண்மை வெளிப்படுகிறது. "புரிந்ததா?" என்பது வடிவத்தால் வினா, பயனால் வினா அன்று. விடை இன்னதென்று முன்னரே தீர்ந்துவிட்ட ஒன்றை வினா என்று சொல்வது பொருந்தாது. ஆசிரியப் பயிற்சியில் தொடக்கத்திலேயே விலக்கச் சொல்லும் வினா இதுவே.

இன்று வீட்டுக் கணினியும் இத்தகைய வினா ஒன்றை நாள்தோறும் எழுப்புகிறது. புதிய செயலி ஒன்றை நிறுவ முயன்றால் திரை முழுவதும் மங்குகிறது. நடுவே ஒரு சிறு பலகை தோன்றுகிறது. இச்செயலி கணினியில் மாற்றங்கள் செய்ய இசைவு தருகிறீரா என்று கேட்கிறது. "ஆம்", "இல்லை" என இரண்டே பொத்தான்கள். வீட்டார் பெரும்பாலும் "ஆம்" என்பதை அழுத்திவிட்டு வேலையைத் தொடர்கின்றனர். என்ன கேட்கப்பட்டது என்று அடுத்த நொடி அவர்களைக் கேட்டால் சொல்லத் தெரியாது.

இது கணினி வல்லுநர்கள் மட்டும் ஆராயும் பொருள் என்று ஒதுக்குதல் தகாது. ஒரு வினா எழுப்பப்படுகிறது. ஒரு விடை பெறப்படுகிறது. அவ்விடையின்மேல் ஒரு குடும்பத்தின் வங்கிக் கணக்கும், புகைப்படங்களும், பிள்ளைகளின் பாடக் கோப்புகளும் தங்கியுள்ளன. வினா என்றால் என்ன, விடை என்றால் என்ன என்பதை வரையறுத்துச் சொன்ன இலக்கண மரபு தமிழுக்கு உண்டு. அந்த அளவுகோலைக் கொண்டே கணினியின் வினாவை அளந்து பார்க்கலாம்.

வினா பிறந்த வரலாறு

வினாவைக் குறை கூறுமுன் அது பிறந்த காரணத்தை அறிதல் நேர்மையாகும். கணினியில் இயங்கும் ஒவ்வொரு செயலியும், அதனை இயக்கும் ஒவ்வொருவரும், தத்தம் வேலைக்கு வேண்டிய மிகக் குறைந்த அதிகாரத்தையே பெற்றிருத்தல் வேண்டும் என்பது ஒரு பழைய கோட்பாடு. சால்ட்சர், ஷ்ரோடர் என்னும் இரு அறிஞர்கள் 1975ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில் இதனைத் தெளிவாக வகுத்துரைத்தனர். அக்கட்டுரையிலேயே மற்றொரு கோட்பாடும் உண்டு: காவல் முறை மனிதர் மனத்திற்கு இயைந்ததாகவும் எளிதில் கையாளத்தக்கதாகவும் இருத்தல் வேண்டும் என்பது. முன்னதை உலகம் நினைவில் வைத்தது. பின்னதை மறந்தது எனலாம்.

யூனிக்ஸ் வழி வந்த கணினிகளில் இக்குறைந்த அதிகார முறை முன்பே நிலைபெற்றிருந்தது. அன்றாட வேலைக்கு ஒரு கணக்கு, ஆட்சி வேலைக்கு வேறொரு கணக்கு என்று பிரித்து வைத்தனர். ஆட்சி அதிகாரத்தைச் சிறிது நேரம் மட்டும் கடன் வாங்க உதவும் 'சூடோ' என்னும் கட்டளை 1980ஆம் ஆண்டளவில் நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் பஃபலோ வளாகத்தில் உருவாயிற்று.

வீட்டுக் கணினியின் கதை வேறு. 2001ஆம் ஆண்டு அக்டோபரில் வந்த விண்டோஸ் எக்ஸ்பியை நிறுவும்போது உண்டாக்கப்பட்ட கணக்குகள் இயல்பாகவே ஆட்சிக் கணக்குகளாக அமைந்தன. படம் வரையும் சிறுவனும், கடிதம் எழுதும் தாயும் முழு அதிகாரத்துடனேயே கணினியில் அமர்ந்தனர். அவர்கள் திறக்கும் எந்தச் செயலியும் அதே முழு அதிகாரத்தைப் பெற்றது. வாசல் பெருக்க வந்தவரிடம் வீட்டின் எல்லாச் சாவிகளையும் கொத்தாகக் கொடுத்துவிட்டு வெளியே போவதற்கு இஃது ஒப்பாகும். கேடு விளைக்கும் செயலிகள் அக்காலத்தில் பெருகியதில் வியப்பில்லை.

இதற்கு மாற்றாகவே 2007 சனவரி 30ஆம் நாள் பொதுமக்களுக்கு வெளிவந்த விண்டோஸ் விஸ்டாவில் 'பயனர் கணக்குக் கட்டுப்பாடு' என்னும் முறை புகுத்தப்பட்டது. அதன் இயக்கம் எளிமையானது. ஆட்சிக் கணக்கு உடையவர் உள்ளே நுழையும்போது அவருக்கு இரு அடையாளங்கள் உண்டாக்கப்படும். ஒன்று முழு அதிகாரம் உடையது, மற்றொன்று குறைக்கப்பட்டது. அன்றாட வேலையெல்லாம் குறைந்த அடையாளத்துடனேயே நடக்கும். கணினியின் பொதுவான பகுதிகளில் கை வைக்க வேண்டிய நிலை வரும்போது மட்டும் இசைவு கேட்கும் பலகை தோன்றும். அப்பலகை தோன்றும்போது திரை மங்குவதும் வெறும் அழகுக்காக அன்று. மற்றச் செயலிகள் எட்ட முடியாத தனித் திரைக்குக் கணினி மாறுகிறது. வேறொரு செயலி வீட்டாரைப் போல நடித்து "ஆம்" என்பதைத் தானே அழுத்திவிடாமல் காப்பது அதன் நோக்கம். இவ்வளவும் பாராட்டத்தக்க ஏற்பாடே. குறை ஏற்பாட்டில் இல்லை, வினாவில் இருக்கிறது.

சொல்லமைப்பு

அந்தப் பலகையின் வாசகம் காலந்தோறும் மாறி வந்துள்ளது. ஆங்கில மூலத்தில் அமைந்த அம்மாற்றங்களின் கருத்தைத் தமிழில் எடுத்துரைத்தால் உண்மை புலப்படும்.

2007இல் வந்த முதல் வாசகம் ஒரு வினாவே அன்று. அது செய்தித் தொடர். தொடர்ந்து செல்ல விண்டோஸுக்கு உமது இசைவு தேவை என்று அறிவித்தது. அதன்கீழ் ஒரு நிபந்தனைத் தொடரும் இருந்தது. இச்செயலைத் தொடங்கியவர் நீரே என்றால் தொடர்க என்பது அதன் பொருள். அடையாளம் தெரியாத செயலியாக இருந்தாலோ வாசகம் வேறு. அங்கே இசைவு தரும் பொத்தானிலேயே, இச்செயலியை நம்புகிறேன், இது எங்கிருந்து வந்தது என்பதை அறிவேன் அல்லது முன்பு பயன்படுத்தியுள்ளேன் என்ற கருத்து எழுதப்பட்டிருந்தது. இங்கே ஒன்றைக் கவனித்தல் வேண்டும். வாசகம் முன்னிலையிலிருந்து தன்மைக்கு மாறிவிட்டது. கேட்பவரே விடை சொல்பவரின் வாயில் ஒரு வாக்குமூலத்தை வைத்துவிட்டார்.

2009 அக்டோபரில் வெளிவந்த விண்டோஸ் 7இல் அச்செய்தித் தொடர் வினாத் தொடராயிற்று. பின்வரும் செயலி இக்கணினியில் மாற்றங்கள் செய்ய இசைகிறீரா என்று கேட்டது. விடைகளும் "ஆம்", "இல்லை" என்று சுருங்கின. 2015இல் வந்த விண்டோஸ் 10 சொற்களை மட்டும் சிறிது மாற்றி, கணினி என்ற இடத்தில் கருவி என்று பொதுப்படக் கூறியது. வினா அதே வினாதான்.

மேலோட்டமாகப் பார்ப்பவர்களுக்கு இது முன்னேற்றமாகத் தோன்றும். சொற்கள் குறைந்தன, வாசகம் நேரானது. ஆயினும் தொடரைப் பிரித்துப் பார்க்கும் தமிழாசிரியருக்கு ஒரு வெற்றிடம் கண்ணில் படும். எழுவாய் இருக்கிறது: செயலியின் பெயர். பயனிலை இருக்கிறது: மாற்றம் செய்தல். ஆனால் எதனை மாற்றப் போகிறது? எழுத்துரு ஒன்றைச் சேர்க்கப் போகிறதா? கணினி தொடங்கும்போதெல்லாம் தானும் தொடங்குமாறு தன்னைப் பதிந்துகொள்ளப் போகிறதா? தட்டச்சு செய்யும் ஒவ்வொரு எழுத்தையும் பார்க்கப் போகிறதா? இவை அனைத்தும் "மாற்றங்கள்" என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. வீட்டு வாசலில் நிற்கும் ஒருவர், "உள்ளே வந்து சில மாற்றங்கள் செய்யலாமா?" என்று மட்டும் கேட்டால், எந்த மாற்றம் என்று வினவாமல் கதவைத் திறப்பார் உண்டோ? கணினியின் பலகையிடமோ திருப்பி வினவ வழியில்லை.

அப்பலகையில் செயலிக் கோப்பு எங்கிருந்து வந்தது என்று கூறும் வரி ஒன்றும் உண்டு. பயனுள்ள வரியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் பல வேளைகளில் அவ்வரி, கோப்பு இக்கணினியின் வன்தட்டிலிருந்து வந்தது என்றே தெரிவிக்கிறது. எங்கிருந்து வருகிறீர் என்று கேட்டவரிடம், "உங்கள் திண்ணையிலிருந்துதான் வருகிறேன்" என்று வந்தவர் சொன்ன கதையாக முடிகிறது.

ஆறு வினாவும் எட்டு விடையும்

நன்னூலார் வினாவை அறுவகையாகப் பகுத்தார். தனக்குத் தெரிந்ததையே பிறர் அறிவாரா என்று அறிய வினவுதல் அறிவினா. தெரியாததைத் தெரிந்துகொள்ள வினவுதல் அறியா வினா. இதுவோ அதுவோ என மயங்கி வினவுதல் ஐயவினா. ஒன்றைப் பெறும் பொருட்டு வினவுதல் கொளல் வினா; கொடுக்கும் பொருட்டு வினவுதல் கொடை வினா; ஒன்றைச் செய்விக்கும் பொருட்டு வினவுதல் ஏவல் வினா.

கணினியின் வினா இவற்றுள் எது? செயலி நல்லதா தீயதா என்பது கணினிக்குத் தெரியாது. ஆகவே அறியா வினா எனத் தோன்றும். ஆனால் அறியா வினாவுக்கு ஓர் அடிப்படை உண்டு. வினவுபவர் அறியாதவர், விடை சொல்பவர் அறிந்தவர். மாணவர் ஆசிரியரை வினவுவது இதனால்தான். கணினியோ தனக்குத் தெரியாததை, தன்னைவிடக் குறைவாக அறிந்தவரிடம் கேட்கிறது. செயலியின் உள்ளமைப்பைப் பார்க்கும் ஆற்றல் கணினிக்கேனும் ஓரளவு உண்டு. அறுபது வயதுப் பாட்டிக்கு அது அறவே இல்லை. அறியாதார் அறியாதாரை வினவும் வினாவுக்கு நன்னூலில் தனிப் பெயர் இல்லை. அத்தகைய வினா ஒன்று பிறக்கும் என்று எந்த இலக்கண ஆசிரியரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்.

நாள் செல்லச் செல்ல இவ்வினாவின் இயல்பு மேலும் திரிகிறது. "இல்லை" என்றால் தொடங்கிய வேலை நின்றுவிடும். "ஆம்" என்றால் நடக்கும். வேலை நடக்க வேண்டுமானால் ஒரே விடைதான். அப்போது அது வினா வடிவில் வந்த ஏவலே. "பாடம் படித்தாயா?" என்று தந்தை கேட்பதன் பொருள் "போய்ப் படி" என்பதே என்று பிள்ளைக்குத் தெரியும். அதுபோல, இசைவு தருகிறீரா என்பதன் பொருள் "பொத்தானை அழுத்து" என்பதே என்று வீட்டாரும் கற்றுக்கொள்கின்றனர்.

விடையின் பக்கம் நோக்கினால் வறுமை இன்னும் மிகுதி. நன்னூலார் கூறும் விடைகள் எட்டு. சுட்டு, மறை, நேர் என்னும் மூன்றும் நேரடி விடைகள். ஏவல், வினா எதிர் வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி என்னும் ஐந்தும் குறிப்பால் விடை தருவன. கணினி ஏற்பவை நேர்விடையும் மறைவிடையும் ஆகிய இரண்டே. வீட்டாரின் மனத்தில் எழுவதோ மற்றவை. "இந்தச் செயலி எதை மாற்றும்?" என்பது வினா எதிர் வினாதல். "நீயே பார்த்து முடிவு செய்" என்பது ஏவல் விடை. "சென்ற முறை இப்படித்தான் அழுத்தி, கணினி கெட்டுப் போயிற்று" என்பது உற்றது உரைத்தல். "இன்று வேண்டா, மகன் வந்ததும் கேட்டுச் சொல்கிறேன்" என்று சொல்ல விரும்புவாரும் உளர். இவை அனைத்துக்கும் பலகையில் இடமில்லை. எட்டு வாயில்களுள் ஆறனை அடைத்துவிட்டு, உரையாடல் நடக்கிறது என்று சொல்வது எங்ஙனம் பொருந்தும்?

யாரை நோக்கிய வினா?

இவ்வினாவைப் பற்றிய வியப்பான உண்மை ஒன்று 2008ஆம் ஆண்டு ஏப்ரலில் வெளியாயிற்று. பாதுகாப்பு வல்லுநர்கள் கூடிய ஆர்எஸ்ஏ மாநாட்டில் மைக்ரோசாப்டின் அதிகாரி டேவிட் கிராஸ், இம்முறையைப் புகுத்தியதன் நோக்கமே பயனர்களுக்கு எரிச்சலூட்டுவதுதான் என்று வெளிப்படையாகக் கூறினார். விளையாட்டாக அன்று, உண்மையாகவே கூறினார். வீட்டார் சலித்துக்கொண்டால் அச்சலிப்பு செயலி எழுதும் நிறுவனங்களைச் சென்று சேரும். அவர்கள் தேவையில்லாமல் முழு அதிகாரம் கேட்கும் வழக்கத்தைக் கைவிடுவர் என்பது அவர் வாதம்.

மகளுக்குச் சொல்வதுபோல் மருமகளுக்குச் சொல்வது என்று தமிழர் வீடுகளில் ஒரு பேச்சு உண்டு. வினா வீட்டாரை நோக்கி எழுப்பப்பட்டது. உணர வேண்டியவர்களோ எங்கோ இருந்த செயலி ஆசிரியர்கள். இடையில் நின்று ஆயிரம் முறை பொத்தானை அழுத்தியவர் வீட்டார்.

இவ்வழியால் பயன் விளையவில்லை என்று சொல்வது நடுநிலை ஆகாது. மைக்ரோசாப்ட் 2008 அக்டோபரில் வெளியிட்ட கணக்கின்படி, இப்பலகையைத் தோன்றச் செய்யும் செயலிகளும் வேலைகளும் ஓராண்டுக் காலத்தில் 7,75,312இலிருந்து 1,68,149 ஆகக் குறைந்தன. மருமகள் காதில் சொல் விழுந்தது என்பதற்கு இது சான்று. ஆயினும் அதே அறிக்கையில் மற்றோர் எண்ணும் இருந்தது. வீட்டுப் பயனர்கள் விஸ்டாவில் நூற்றுக்கு 89 பலகைகளுக்கு இசைவு தந்தனர். திருத்தப் பதிப்பு வந்தபின் அது 91 ஆயிற்று. பலர் படித்துப் பாராமலே இசைகின்றனர் என்று நிறுவனமே ஒப்புக்கொண்டது. வகுப்பறையின் "புரிந்தது, ஐயா!" என்ற குரலை ஒத்த எண்ணே இது.

புலி வந்த கதை

படிக்காமல் அழுத்துவதற்குச் சோம்பலே காரணம் என்று சிலர் பழிப்பர். அது முழு உண்மை அன்று. "புலி வருகிறது" என்று பலமுறை கூவிய ஆட்டிடையன் கதை அறியாத தமிழ்க் குழந்தை இல்லை. அக்கதையில் பொய் சொன்னவனைப் பழிக்கின்றோமே அல்லாமல், கடைசியில் ஓடி வராத ஊராரைப் பழிப்பதில்லை. பொய்க் கூவல் மிகுந்தால் செவி மரத்துப் போவது இயற்கை.

இவ்வியற்கை ஆய்வுக்கூடத்திலும் காணப்பட்டது. அமெரிக்காவின் பிரிகாம் யங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வில், பாதுகாப்பு எச்சரிக்கைகளைப் பார்ப்போரின் மூளை இயக்கத்தைப் படமெடுத்து ஆராய்ந்தனர். ஒரே எச்சரிக்கையை இரண்டாம் முறை காணும்போதே காட்சியை ஆராயும் பகுதிகளின் இயக்கம் பெரிதும் குறைந்தது. தோற்றம் மாறி மாறி வந்த எச்சரிக்கைகளுக்கு அத்துணை விரைவாக மரத்துப் போகவில்லை. ஆகவே பழக்கம் என்பது ஒழுக்கக் குறைவு அன்று, மூளையின் இயல்பு. ஒரே வடிவில், ஒரே சொல்லில், நாள்தோறும் வரும் வினாவை ஒவ்வொரு முறையும் புதிதாகப் படிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது இயல்புக்கு மாறானது.

பெயர் சான்றாகுமா?

பலகையில் படிக்கத்தக்க வரி ஒன்று உண்டு. அது வெளியீட்டாளரின் பெயர். சரிபார்க்கப்பட்ட மின்கையொப்பம் இருந்தால் நிறுவனத்தின் பெயர் தோன்றும். இல்லையேல் வெளியீட்டாளர் அறியப்படவில்லை என்ற எச்சரிக்கை வேறு நிறத்தில் தோன்றும். இவ்வரியை மட்டுமேனும் படித்தால் பல தீமைகள் விலகும்.

ஆனால் கையொப்பம் யார் என்பதைக் கூறும். எத்தகையவர் என்பதைக் கூறாது. 2017ஆம் ஆண்டில் கணினியைத் தூய்மை செய்யும் சிசிகிளீனர் என்னும் பெயர்பெற்ற செயலியின் ஒரு பதிப்பில் தீய நிரல் புகுத்தப்பட்டது. அந்நிறுவனத்தின் முறையான கையொப்பத்துடனேயே அது வெளிவந்தது. இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட கணினிகளில் அப்பதிப்பு இடம்பெற்றது. பெயரைப் படித்துப் பார்த்து "ஆம்" என்று சொன்னவரும் அதனைத் தடுத்திருக்க முடியாது.

திருக்குறளில் தெரிந்து தெளிதல் என்றோர் அதிகாரம் உண்டு. ஆராயாது ஒருவரை நம்புவதும், ஆராய்ந்து நம்பியபின் அவரை ஐயுறுவதும் ஆகிய இரண்டும் ஒழியாத துன்பம் தருவன என்பது அதன் முடிந்த முடிபு. கணினியின் பலகை இவ்விரு குற்றங்களையும் ஒருங்கே செய்விக்கிறது. முன்பின் அறியாத செயலியை நொடிப்பொழுதில் நம்பச் சொல்கிறது. ஆண்டுக்கணக்காகப் பயன்படுத்தி நம்பிய செயலிக்கும் ஒவ்வொரு முறையும் புதிதாக இசைவு கேட்கிறது.

நகைத்தவர் நிலை

2007இல் ஆப்பிள் நிறுவனம் விஸ்டாவை எள்ளி நகையாடி ஒரு தொலைக்காட்சி விளம்பரம் வெளியிட்டது. கறுப்புக் கண்ணாடி அணிந்த காவலர் ஒருவர் ஒவ்வொரு பேச்சுக்கும் இடையே புகுந்து, மறுப்பதா இசைவதா என்று கேட்டுக்கொண்டேயிருப்பார். உலகம் நகைத்தது. 2019 அக்டோபரில் ஆப்பிளே வெளியிட்ட மேக் கணினியின் காட்டலினா பதிப்பில், சில கோப்புறைகளைத் தொடுவதற்கு இசைவு கேட்கும் பலகைகள் தோன்றின. இம்முறை நகைப்பு ஆப்பிளின் பக்கம் திரும்பியது.

இதனால் அறியத்தக்கது யாது? இது ஒரு நிறுவனத்தின் அறியாமையால் விளைந்த குறை அன்று. தீர்க்க முடியாத முடிவை வீட்டாரின் தலையில் ஏற்றுவது எந்த நிறுவனத்துக்கும் எளிதான வழி. தீங்கு நேர்ந்தால், "நீங்கள்தானே ஆம் என்று அழுத்தினீர்கள்?" என்ற ஒரு கேள்வி போதும். சேமிப்பை இழந்த முதியவர் தலைகுனிந்து நிற்பார். அறிந்து தந்ததே இசைவு. அறியாதவர் விரலிலிருந்து பெற்றது வெறும் கைநாட்டு. படிக்கத் தெரியாத தொழிலாளியிடம் ஒப்பந்தத்தாளில் கைநாட்டு வாங்கிய வரலாற்றைத் தோட்டப்புறத் தமிழர்க்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

வினாவைக் கைவிட்ட இடம்

வினாவைக் குறைப்பதும் எளிதன்று. விண்டோஸ் 7இல் பலகைகளைக் குறைக்கும் பொருட்டு, விண்டோஸின் சொந்தப் பகுதிகள் பலவற்றுக்கு வினாவின்றியே அதிகாரம் தரப்பட்டது. 2009ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், அதன் சோதனைப் பதிப்பில் ஒரு சிறு நிரல் வினா எதுவும் எழாமலே அக்காவல் முறையை அணைத்துவிட முடியும் என்பதை வெளியார் எடுத்துக்காட்டினர். எதிர்ப்பு எழுந்தபின் நிறுவனம் அதனைத் திருத்தியது. வினா மிகுந்தால் செவி மரக்கும். குறைந்தால் கதவு திறக்கும். இவ்விரண்டுக்கும் இடையே வழி காண்பதே அரிய கலை.

சிங்கப்பூரில் அண்மையில் மேற்கொள்ளப்பட்ட ஒரு முயற்சி இங்கே குறிப்பிடத்தக்கது. அது கணினியைப் பற்றியதன்று, கைப்பேசியைப் பற்றியது. எனினும் நெறி ஒன்றே. இணையத்தளம் வழியாகவோ குறுஞ்செய்தி வழியாகவோ நேரே இறக்கி நிறுவப்படும் செயலிகள், குறுஞ்செய்திகளைப் படிப்பது போன்ற நுட்பமான இசைவுகளைக் கேட்குமானால், அவற்றை நிறுவவிடாமலே தடுக்கும் முறையைக் கூகுள் நிறுவனம் சிங்கப்பூரின் இணையப் பாதுகாப்பு அமைப்புடன் சேர்ந்து 2024 பிப்ரவரியில் சோதனையாகத் தொடங்கியது. இங்கே வினா எழுவதே இல்லை. வீட்டார் அறிந்து விடை சொல்ல முடியாத இடத்தில், அறிந்தவரே பொறுப்பேற்கின்றனர். இதனால் பயனரின் உரிமை குறைகிறது என்பார் கூற்றிலும் உண்மை உண்டு. ஆனால் அறியாமையில் தரும் "ஆம்" என்னும் விடையை உரிமை என்று கொண்டாடுவதும் மிகையே.

நல்ல வினா எது?

இதுவரை கண்டவற்றால் ஒரு முடிவு பெறப்படுகிறது. விடை சொல்பவர் அறிந்திருக்கக்கூடிய ஒன்றைப் பற்றிக் கேட்பதே நல்ல வினா. இவ்வளவுகோலால் அளந்தால், பலரும் பழித்த 2007ஆம் ஆண்டு வாசகத்தில்தான் ஒரு நல்ல தொடர் இருந்தது என்பது விளங்கும். இச்செயலைத் தொடங்கியவர் நீரே என்றால் தொடர்க என்ற அந்த நிபந்தனைத் தொடரே அது. செயலியின் உள்ளியல்பு வீட்டாருக்குத் தெரியாது; ஆனால் தாம் ஒன்றைத் தொடங்கினோமா இல்லையா என்பது பாட்டிக்கும் தெரியும், பேரனுக்கும் தெரியும். அச்செயலி எங்கே கிடைத்தது என்பதும் தெரியும். அடையாளம் தெரியாத செயலிக்குரிய பலகையும் இதனையே கேட்டது. இவ்விரண்டு வினாக்களுமே அறிந்தாரை நோக்கிய வினாக்கள். சுருக்கம் கருதி இவற்றை நீக்கி, விடை தெரியாத வினாவை முன்னிறுத்தியதே பின்வந்த பதிப்புகளின் பிழை. எளிய சொல்லில் அமைந்த வினாவெல்லாம் எளிய வினா ஆகிவிடாது.

வாசகம் மாறும் வரை வீட்டார் காத்திருக்க வேண்டியதில்லை. அன்றாட வேலைக்கு அதிகாரம் குறைந்த கணக்கையும், ஆட்சி வேலைக்குக் கடவுச்சொல்லுடன் கூடிய வேறு கணக்கையும் வைத்துக்கொள்ளலாம். அப்போது பொத்தானை அழுத்துவது மட்டும் போதாது. கடவுச்சொல்லை எழுத வேண்டும். அச்சிறு தாமதமே சிந்தனைக்கு இடம் தரும். யாரும் எதுவும் தொடங்காதிருக்கும்போது பலகை தோன்றுமானால் "இல்லை" என்பதே தக்க விடை. பின்னர்ச் செயலி தேவை என்று தெரிந்தால் மீண்டும் தொடங்கிக்கொள்ளலாம். தவறான "இல்லை" என்பதால் வரும் இழப்பு சிறிது நேரமே.

ஆசிரியர்களுக்கும் இதில் ஒரு கடமை உண்டு. மாணவர்க்குக் கணினி கற்பிக்கும்போது எந்தப் பொத்தானை அழுத்துவது என்று மட்டும் சொல்லித் தருவது "புரிந்ததா?" என்று கேட்டுவிட்டு வகுப்பை முடிப்பதற்கு ஒப்பாகும். பலகை தோன்றியதும் மாணவர் தம்மைத் தாமே இரண்டு வினாக்கள் வினவுமாறு பழக்குதல் வேண்டும்: "இதைத் தொடங்கியது நானா?" "இது எங்கிருந்து எனக்குக் கிடைத்தது?" இவ்விரண்டுக்கும் விடை தெரிந்தபின் எந்தப் பொத்தானை அழுத்துவது என்பதைப் பிள்ளைகள் தாமே கண்டுகொள்வர்.